குறட்டையும் மூச்சுத் தடையும்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகவும் நகைப்புக்குரிய ஒன்றாகவும் கொள்வது உலக வழக்கு. சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1836 – 37 ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘பிக்விக்’ நாவலில், எந்நேரமும் உறங்கிக் குறட்டைவிடும் ஜோ என்னும் பருத்த சிறுவனும் வாசகரைச் சிரிக்கவைக்கவே படைக்கப்பட்டான். அச்சிரிப்பின் பின்னால் ஒரு நோய் மறைந்திருத்தலை மேனாட்டு மருத்துவம் தெளிவாக உணர்ந்தது இருபதாம் நூற்றாண்டிலேயாம். ஆயின், பண்டை இந்திய மருத்துவர் இதனை முன்னரே கண்டனர் என்பதற்குச் சான்றுண்டு.

சுசுருத சங்கிதை, கபத்தை மிகுவிக்கும் உணவு, உடற்பயிற்சியின்மை, பகலுறக்கம் ஆகியவற்றால் உடல் அளவிறந்து பருக்கும் என்கின்றது. அவ்வாறு பருத்தோரைப் பற்றும் துன்பங்களாகச் சிறுமூச்சு, பசி, தாகம், மிகுதுயில், வியர்வை முதலியவற்றோடு ‘கிரதனம்’ என்பதனையும் அது எண்ணுகின்றது. இச்சொல்லுக்கு மூச்சு திடீரெனத் தடைப்படுதல் என்பது பொருள். குறட்டை எனக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும் பருமன், மிகுதுயில், மூச்சுத்தடை ஆகிய மூன்றும் ஒருங்கு வைத்து எண்ணப்பட்டமை நோக்கற்பாலது.

பரிகாரமும் இந்நோக்கிற்கு இயைந்ததே. சரக சங்கிதை வயிற்றை நிரப்பியும் ஊட்டம் மிகாத உணவை விதிக்கின்றது. வாற்கோதுமை, தேன், திரிபலை, சீந்தில், கோரைக்கிழங்கு என்பனவும் உடற்பயிற்சியும் அதில் இடம்பெறுகின்றன. குறட்டையொலியை மட்டும் அடக்க முயலாது, அதற்கு ஏதுவான உடற்பருமனைக் குறைப்பதே இம்முறையின் சிறப்பாகும்.

மேனாட்டில் 1956 இல் பேர்வெல் குழுவினர் மிகுபருமனும் மிகுதுயிலும் உடைய ஒரு நோயாளியை விவரித்து, அந்நிலைக்குப் ‘பிக்விக்’ பெயரையே சூட்டினர். 1965 இல் பிரான்சிலும் ஜேர்மனியிலும் ஆய்வாளர், இத்தகையோர் உறக்கத்தில் மீண்டும் மீண்டும் மூச்சற்றுப்போவதைக் கருவிகளாற் பதிவுசெய்தனர். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகின்றது. குருதியில் ஒட்சிசன் குறைகின்றது. மூளை விழித்து மூச்சை மீட்கின்றது. இஃது ஓரிரவில் நூற்றுக்கணக்கான முறை நிகழ்தலும் உண்டு. 1980 இல் சிட்னி நகரில் கொலின் சலிவன், மூக்கின் வழியே காற்றழுத்தம் செலுத்தி அவ்வழியைத் திறந்துவைக்கும் முறையைக் கண்டார்.

இவ்வரலாறு இருவகைப் பாடம் புகட்டுகின்றது. எடை குறைத்தலும் பயிற்சியும் நோயைத் தணிக்கும் என்னும் முன்னோர் கருத்து இன்றும் நிலைபெறுகின்றது. எனினும், பருத்தோர் படிப்படியாக விழித்திருத்தலைக் கூட்டவேண்டும் என்னும் சரக விதி ஏற்கத்தக்கதன்று. உறக்கக் குறைவு பசியை மிகுவிக்கும் என்பது இன்றைய அறிவு. மெலிந்தோர்க்கும் இந்நோய் வருமாதலின் பருமன் ஒன்றே ஏதுவன்று. கடுமையாக மூச்சடைபடுவோர் மூலிகையை மட்டும் நம்பியிருத்தல் இதயத்திற்கும் உயிருக்கும் ஊறு விளைக்கலாம்.

முன்னோரைப் போற்றுதல் என்பது அவர்தம் மருந்துப் பட்டியலை ஓதுதல் அன்று. பிறர் நகைத்த இடத்தில் அவர்கள் நோயைக் கண்டனரே, அக்கூர்நோக்கைப் பேணுதலேயாம்.