முதற்கருவியும் வழிக்கருவியும்

வைப்பாற்றின் கரையில் அமைந்த வெம்பக்கோட்டை வட்டாரம், ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்யும் தொழிலில் நெடுநாள் பழகிய மண்ணாகும். விஜயகரிசல்குளம் மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 முதல் நிகழ்த்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் வெளிப்பட்டன. அவ்வளையல்களுள் எது முதலில் அறுக்கப்பட்டது, எது அதன் படி என்று வினவுவார் இல்லை. 1922-இல் சிவகாசியிலிருந்து பி. ஐயநாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். கற்றதைத் திருப்பிச் செய்ததிலிருந்தே இவ்வட்டாரத்தின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் கிளைத்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு தீட்டிய தெய்வத் திருவுருவங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிப் படங்களாகி வீடுதோறும் பூசை அறையை அடைந்தன. கற்பூரம் காட்டிய எவரும் அப்படங்களைப் படியென்று இகழ்ந்ததில்லை.

இம்மண்ணின் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவினரின் கைகளில் திகழ்ந்த ஓர் இசைக்கருவியின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அதுவே பாஸ் கிதார். நான்கு தடித்த நரம்புகளும் நீண்ட கழுத்தும் உடைய இக்கருவியை அவையோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பாடகரையும் பாடலையும் நினைவில் கொள்வோர், அடியில் நின்று அப்பாடலைச் சுமந்த ஒலியை மறந்துவிடுவர். தமிழிசை மரபு மெலிவு, சமன், வலிவு என மூவகை இயக்கம் கூறும். அவற்றுள் மெலிவுத் தானத்துக்கு உரிய கருவி இது. இதன் தடித்த நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அக்காலச் சிறு வானொலிப் பெட்டிகளும் கூம்பு ஒலிபெருக்கிகளும் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் செம்மையாக எழுப்ப வல்லன அல்ல. ஆதலின், பாஸ் கிதார்க் கலைஞர் தமக்குரிய இசைவரியைப் பாதி கேட்டும் பாதி உய்த்துணர்ந்துமே கற்றார். அவர் கையிலிருந்த கருவியும் பெரும்பாலும் ஒரு படியே.

முதற்கருவி எது என்னும் வினாவிலிருந்து தொடங்குதல் தகும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பாஸ் என்பதே பெருவழக்கு எய்திய முதல் மின் பாஸ் கிதார். அதற்கு முன்னரே, 1930-களின் இடைப்பகுதியில், சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பார் இத்தகைய கருவியைச் செய்திருந்தார். ஆயினும் அது பரவவில்லை. ஆளுயரம் நிற்கும் பெருவயலினாகிய டபுள் பாஸின் சுருதி அமைப்பை அவ்வாறே எடுத்து, அதனைக் கிதாரின் உடலில் பொருத்தியதே ஃபெண்டரின் செயல். கழுத்தில் மெட்டுகள் பதிக்கப்பட்டமையால் சுரம் பிசகாது நின்றது. துல்லியம் எனப் பொருள்படும் அப்பெயர் வந்த காரணமும் அதுவே. இக்கருவியைச் செய்த ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரிய செய்தி.

செருமனியில் வால்டர் ஹாஃப்னர் 1950-களின் இடைப்பகுதியில் வயலின் வடிவிலேயே ஒரு மின் பாஸை அமைத்தார். 1961-இல் ஹாம்பர்க் நகரில் இளைஞர் பால் மெக்கார்ட்னி அதனை வாங்கியபின் அவ்வடிவம் உலகறிந்ததாயிற்று. இவ்விரு செவ்வியல் கருவிகளுமே தமக்கு முந்தியவற்றின் வழியில் பிறந்தவை. ஒன்று பெருவயலினின் சுருதியைக் கொண்டது. மற்றொன்று வயலினின் வடிவத்தைக் கொண்டது. முதல் எனப்படுவதன் அடியிலும் ஒரு வழி ஓடுகிறது என்பதை இது காட்டும்.

அடுத்த இயல் சப்பானில் நிகழ்ந்தது. 1960-களில் அங்குச் செய்யப்பட்ட படிகள் தோற்றத்தில் மட்டும் முதலை ஒத்தன. அவற்றுள் பல, திண்மையான மரத்துக்கு மாறாக ஒட்டுப்பலகையால் ஆனவை. 1970-களின் இறுதிக்குள் நிலை மாறிற்று. மட்சுமோட்டோ நகரின் ஃபூஜிஜென் பட்டறையிலும் ஹமமட்சு நகரின் டோக்காய் பட்டறையிலும் முதற்கருவிகளை அளந்து, பிரித்து, பயின்று செய்தனர். நகோயாவின் ஹோஷினோ நிறுவனம் தன் கிதார்களுக்கு இட்ட இபனெஸ் என்னும் பெயரே, ஸ்பெயின் நாட்டுக் கருவிச் சிற்பி சால்வடார் இபனெஸின் பெயரிலிருந்து எடுத்ததாகும். 1977-இல் கிப்சன் நிறுவனத்தின் உரிமையாளர்கள் கிதாரின் தலைப்பகுதி வடிவம் குறித்து இபனெஸின் அமெரிக்க விற்பனையாளர் மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கு மறு ஆண்டில் சமரசத்தில் முடிந்தது. அன்று முதல் அக்காலத்துச் சப்பானியப் படிகள் அனைத்துக்கும் வழக்குக் காலக் கருவிகள் என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

வரலாற்றின் நகை இதன் பின்னர்த் தோன்றியது. ஃபெண்டர் தம் நிறுவனத்தை 1965-இல் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றார். அதன்பின் கருவிகளின் தரம் குன்றியதென இசைவாணர் பலர் குறைகூறினர். 1982-இல் ஃபெண்டர் நிறுவனமே சப்பானில் கிளையமைத்து, தன் பழைய கருவிகளின் மறுபடிகளைச் செய்யும் பணியை ஃபூஜிஜென் பட்டறையிடம் ஒப்படைத்தது. முதலை உடையவர், தம் முதலின் மரபை மீட்கப் படியெடுத்தோரையே நாட நேர்ந்தது. மாணவர் எழுதிவைத்த ஏட்டைக் கொண்டு ஆசிரியர் தம் பாடத்தைத் திருத்திக்கொண்டதற்கு இதனை ஒப்பிடலாம்.

இந்தியாவில் நிலை வேறு. 1991-இல் பொருளாதாரக் கொள்கை மாறும்வரை, இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் அயல்நாட்டு இசைக்கருவிகளை எளியோர்க்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்தன. வெளிநாடு சென்று மீள்வோர் கொணர்ந்தவையும், கைமாறிக் கைமாறி வந்தவையும், உள்நாட்டில் செய்தவையுமே கிட்டின. கல்கத்தாவிலிருந்து கிவ்ஸன் என்னும் பெயருடைய கிதார்கள் ஊர்தோறும் சென்றன. கிப்சனுக்கும் கிவ்ஸனுக்கும் இடையே வேறுபாடு ஓரெழுத்தே. தமிழ் இலக்கணம் கற்றோர் இதனை இடைப்போலி எனச் சிரித்துக்கொண்டே வகைப்படுத்தக்கூடும். தீப்பெட்டித் தொழிலைக் கற்க ஒரு காலத்தில் கல்கத்தா சென்ற சிவகாசி நாட்டுக்கு, பின்னொரு காலத்தில் அதே நகரத்திலிருந்து கிதாரும் வந்தது.

திரையிசையில் இக்கருவிக்கு உரிய இடத்தை விரிவாக்கியவர்களுள் இளையராஜா தலையாயவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்று, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, கிதார்க் கலைஞராகவும் பணியாற்றி, 1976-இல் அன்னக்கிளி வாயிலாக அறிமுகமான அவர், பாஸ் கிதாருக்கெனத் தனி இசைவரியை எழுதினார். தாளத்துக்குத் துணைநின்ற கருவி, பாடலின் மெட்டோடு உரையாடும் இரண்டாம் குரலாயிற்று. சசிதரன் அவர் குழுவில் அவ்வரிகளை வாசித்தார். பின்னாளில் கீத் பீட்டர்ஸ் முதலியோர் சென்னைப் பாடற்பதிவுக் கூடங்களில் இம்மரபை வளர்த்தனர். இவ்வரிகளை ஊர் மேடைகளில் மீட்டும் வாசித்த மெல்லிசைக் குழுவினர், படிக்கருவியில் படியிசை வாசித்தவர்கள் எனலாம். ஆயினும், ஆடிப் பொங்கலிலும் பங்குனிப் பொங்கலிலும் நள்ளிரவு வரை மணலில் அமர்ந்து கேட்டோர்க்கு அதுவே முதல் இசை. அத்தாழ்ந்த ஒலியை அவர்கள் செவியால் அன்றி நெஞ்சக்கூட்டால் முதன்முதல் உணர்ந்தது அம்மேடைகளின் முன்னேதான்.

பழம்படி ஒன்றை உடைமையாகப் பெறுவது எளிதன்று. பேணுவது அதனினும் அரிது. வாங்குவோர் முதலில் கழுத்தின் நேர்மையை ஒரு கண்ணை மூடி நோக்குவர். கழுத்தினுள் செல்லும் இரும்புக் கம்பி இன்னும் திரும்புகிறதா, மெட்டுகள் தேய்ந்து பள்ளம் விழுந்துள்ளனவா, அதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருள்கள் பழையனவா, பின்னர் மாற்றப்பட்டனவா எனத் தேர்வர். கரிசல் நாட்டுக் கோடையில் மரம் வறளும். மழை நாளில் ஈரம் ஏற்கும். பருவந்தோறும் கழுத்து அசைந்துகொடுப்பதால் நரம்பின் உயரத்தைத் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். பாஸ் நரம்புகள் விலை மிக்கன. ஆதலின், ஒலி மங்கிய நரம்புகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து அழுக்கு நீக்கி மீண்டும் பூட்டுதல் உலகெங்கும் எளிய கலைஞர் கைக்கொண்ட வழக்கம். இங்ஙனம் நாற்பது ஐம்பது ஆண்டுகள் பேணப்பட்ட படி, படி என்னும் நிலையைக் கடந்து தனக்கென ஒரு குரலைப் பெற்றுவிடுகிறது. மரம் உலர்ந்ததும், மெருகு தேய்ந்ததும், விரல் பட்டுப்பட்டுக் கழுத்து வழுவழுத்ததும் எந்த முதலையும் பார்த்துச் செய்தவை அல்ல.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வரையறுத்தல் இன்றியமையாதது. தன் பட்டறையின் பெயரைத் தலையில் தாங்கி நிற்கும் படி ஒன்று. அப்பெயரைச் சுரண்டி அழித்து முதலாளனின் பெயரை ஒட்டிவைத்து விற்கப்படும் படி மற்றொன்று. இரண்டும் ஒரே மரம், ஒரே ஒலியாயினும் முன்னது நேர்மை உடையது, பின்னது களவு. தமிழ் இலக்கண மரபில் போலி என்னும் சொல் இழிசொல் அன்று. ஐந்து அஞ்சு ஆவதும், பந்தல் பந்தர் ஆவதும் பொருள் திரியாது நிற்கும் எழுத்து மாற்றங்கள். இல்முன் முன்றில் என நிற்பதனை இலக்கணப்போலி என ஏற்றுக்கொண்டனர் சான்றோர். பொருளைத் திரிக்காத போலி அவர்க்கு உடன்பாடே. வாங்குவோரை ஏமாற்றும் வஞ்சத்துக்கு அப்பெயர் பிற்காலத்தில் ஏறியது.

தொல்காப்பியர் நூலை முதல், வழி என வகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்தினார். வால்மீகியின் வழியில் நின்ற கம்பரை எவரும் படியெடுத்தவர் எனக் கூறத் துணியார். இவ்வளவையைக் கருவிக்கும் பொருத்தலாம். எட்டயபுரம் அரசவையை அணிசெய்த பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியக் கலைஞரிடம் வயலின் கற்று, அதனைக் கருநாடக இசைக்கு ஆக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் 1834-இல் தந்த வயலின் தந்தத்தால் ஆனது. நம் காலத்தில் யூ. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினின் இரட்டை நரம்புகளை ஒற்றையாக்கி, ஐந்து நரம்புகள் அமைத்து, கமகத்துக்கு இசைவித்தார். இவை மொழிபெயர்த்து யாத்த வழிக்கருவிகள் ஆகும்.

இதன் மறுபக்கம் துயரமானது. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் எனப் பெயரும் நரம்பின் எண்ணும் உரைகளில் உள்ளன, கருவி இல்லை. ஒரு காலத்தில் யாழ் செய்வோர் அடுத்த யாழைச் செய்யாது விட்டனர், அவ்வளவே. விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து 1947-இல் வெளியிட்ட யாழ்நூல், இழந்த ஒலியைக் கணக்கால் தேடிய அரும்பெரு முயற்சி. படியெடுப்பார் இன்றேல் எத்துணைச் சிறந்த முதலும் மாயும் என்பதற்கு யாழே சான்று. இதற்கு மாறாக, ஓலைகள் செல்லரித்தபோதும் சங்க நூல்கள் எஞ்சின. தலைமுறைதோறும் பெயரறியாத யாரோ ஒருவர் எழுத்தாணி பிடித்துப் படியெடுத்தார். உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவர் கையிலிருந்தவை படியின் படிகளே. இளங்கோவின் கையெழுத்தை இன்று கண்டார் எவரும் இலர்.

மெக்கார்ட்னி 1961-இல் வாங்கிய அந்த முதல் ஹாஃப்னர் 1972-இல் களவு போயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின் அது மீட்கப்பட்ட செய்தி 2024-இல் வெளியாயிற்று. அந்நெடுங்காலம் முழுவதும் அவ்வடிவமும் அவ்வொலியும் உலக மேடைகளை நீங்கவில்லை. அவர் 1963-இல் பெற்ற இரண்டாம் கருவியிலும், எண்ணற்ற ஊர்களில் எளியோர் கைகளில் இருந்த படிகளிலும் அவை வாழ்ந்தன. முதல் ஒரு மாடத்து மூலையில் கிடக்கலாம். வழி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

வழிநூல் யாக்கும் கவிஞர்க்கு இவ்வரலாறு உரைப்பது இதுவே: எடுத்த இடத்தை மறைக்காதிருத்தல் கடன், எடுத்ததைத் தன் மண்ணின் வெயிலிலும் மழையிலும் பழகவிடுதல் கலை. திருவிழா முடிந்த மேடையில், விளக்கணைந்த பின் பெட்டியில் கிடத்தப்படும் பழம்படி ஒன்று இவ்விரண்டையும் செய்து முடித்திருக்கிறது.