தக்கை மீன் பிறந்த கதை



ஏரியில், குளத்தில் விரால் பிடிக்கிறவங்க என்ன செய்வாங்க? தூண்டில் முள்ளில் ஒரு தவளைக் குஞ்சைக் குத்தி, கரையோரப் புல்லுக்குள்ளே தட்டித் தட்டி இழுப்பாங்க. இரை துடிக்கிறதைப் பார்த்தால்தான் விரால் பாயும். ஆனால் அந்த இரையைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. ஒரு கடிக்கு ஒரு இரை போய்விடும். இந்தத் தொல்லைக்கு மாற்றாக வீட்டிலேயே பொய்யிரை செய்த ஒரு கூலிக்காரருடைய கதையை இன்றைக்குப் பார்ப்போம்.

பொய்யிரை என்பது புதிது அல்ல. பசிபிக் கடல் தீவுகளில் இருந்தவர்கள் முத்துச்சிப்பி ஓட்டைத் தேய்த்து, முள் கட்டி, ஓடத்துக்குப் பின்னால் இழுத்து மீன் பிடித்தார்கள். அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் கரண்டி போன்ற தகட்டில் முள் பொருத்தி, 1852-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதே நாட்டில் தேனீ வளர்த்து வந்த ஜேம்ஸ் ஹெட்டன், 1890-களில் மரத்திலேயே தவளை செதுக்கித் தூண்டிலில் கட்டினார்.

நம் கதைக்காரர் இருந்தது பின்லாந்து நாடு. ஏரிகள் நிறைந்த குளிர் நாடு அது. அங்கே 1905-ல் பிறந்தவர் லாரி ராபாலா. ஏழைக் குடும்பம். சிறு வயதில் தாயோடு வேறு ஊருக்குக் குடிபோனபோது, பதிவு செய்தவருக்கு அவர்கள் குடும்பப் பெயர் நினைவுக்கு வரவில்லையாம். முன்பு இருந்த ஊரின் பெயரையே எழுதிவிட்டாராம். அந்த நாட்டு மொழியில் 'ராப்பா' என்றால் சேறு. சேற்றின் பெயரே குடும்பப் பெயர் ஆகிவிட்டது!

லாரி பனிக்காலத்தில் காட்டில் மரம் வெட்டுவார். பண்ணைகளில் கூலி வேலை செய்வார். மற்ற நாளில் பையானே என்ற பெரிய ஏரியில் மீன் பிடிப்பார். நீண்ட கயிற்றில் ஆயிரம் முள் வரை கட்டிய தூண்டில் அவருடையது. அத்தனை முள்ளுக்கும் இரை குத்தியாக வேண்டும். அந்த இரையையும் அவரேதான் பிடித்தாக வேண்டும். பிள்ளைகளோ பலர். பாதி நாள் இரைக்கே போனால் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும், சொல்லுங்க?

ஓடத்தில் இருந்தபடியே அவர் தண்ணீருக்குள் கூர்ந்து பார்ப்பார். சின்ன மீன் கூட்டத்துக்குள் பெரிய மீன் பாயும். கூட்டத்தில் நூறு மீன் இருந்தாலும், அது பிடிப்பது ஒரே மாதிரியான மீனைத்தான். எதை? நேராக நீந்தாமல், கொஞ்சம் தள்ளாடித் தள்ளாடிப் போகிற மீனை! அடிபட்டதும் நோஞ்சானும் எளிதில் அகப்படும் அல்லவா? பெரிய மீனைக் கவர்வது அந்தத் தள்ளாட்டம்தான் என்று லாரி புரிந்துகொண்டார்.

1936-ல் அவர் செய்த பொய்யிரை நன்றாக வேலை செய்தது. அதற்கு என்ன செலவு? ஒரு தக்கைத் துண்டு. செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் கத்தியால் அதை மீன் போலச் சீவி, உப்புத்தாளால் தேய்த்தார். சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாளை ஒட்டினார். செதில் மாதிரி மின்னியது. தண்ணீர் புகாமல் இருக்க, பழைய போட்டோ நெகட்டிவை உருக்கி மேலே பூசினார். எல்லாம் தூக்கி எறிகிற சாமான்! இந்த வகைப் பொய்யிரைக்கு வாயடியில் ஒரு சிறு தகடு இருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதி, இரையைக் கீழே அமிழ்த்தி, இப்படியும் அப்படியும் ஆட்டும். உயிருள்ள மீன் தள்ளாடுகிற மாதிரியே இருக்கும்.

ஒரே நாளில் 270 கிலோ வரை மீன் பிடித்தார் என்றுகூடச் சொல்வார்கள். அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கினார்கள். 1939-ல் போர் வந்தது. லாரியும் போர்முனைக்குப் போனார். தக்கை கிடைக்காதபோது பைன் மரப்பட்டையைச் செதுக்கினார். பிறகு மகன்களும் சேர்ந்தார்கள். 1962-ல் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகையில் இதைப் பற்றிக் கட்டுரை வந்தது. கேட்டு வந்த கடிதங்களுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. வீட்டுத் தொழில் ஆலையாக வளர்ந்தது. லாரி 1974-ல் காலமானார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செய்த இரை ஒவ்வொன்றையும் தண்ணீரில் இழுத்துப் பார்த்து, ஆட்டம் சரியில்லை என்றால் முன்கம்பியைத் துளி வளைத்துச் சரி செய்வார்கள். அழகாக இருந்தும் ஆடாத இரை வீண்தான்.

நம்மிடம் கல்யாண முருங்கைக் கட்டை இருக்கிறது, நெட்டி இருக்கிறது. இரண்டும் லேசானவை, சீவுவது சுலபம். வேலை ஓய்ந்த நாளில் ஒன்று செய்து பாருங்களேன். ஏரியைக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போடுங்கள். ஆனால் கத்தியை எடுக்கும் முன்னால் ஒரு காரியம்: கரையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து, உங்கள் ஊர் விரால் எதைப் பார்த்துப் பாய்கிறது என்று கவனியுங்கள். லாரியும் அங்கிருந்துதான் தொடங்கினார்.