தேய்ந்த கருவியும் வரலாற்றுச் சான்றும்: பழைய லைக்கா ஒளிப்படக் கருவிகளின் சீரமைப்பு குறித்து ஒரு பார்வை

முன்னுரை

வரலாற்றாய்வில் ஒளிப்படங்களைச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயினும், அப்படங்களை எடுத்த கருவிகளைச் சான்றாகக் கொண்டு ஆராயும் வழக்கம் இன்னும் பரவலாகவில்லை. 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன், பின்னர் அவரது இறுதி ஊர்வலத்தையும் படமாக்கினார். இந்திய வரலாற்று மாணவர் பலரும் அறிந்த அப்படங்களுக்குப் பின்னால் லைக்கா என்னும் சிறு கருவி இருந்தது. அவ்வகைக் கருவிகள் இன்று தேய்ந்தும் பழுதுற்றும் கிடைக்கின்றன. அவற்றைச் சீரமைக்கும்போது எதனைப் புதுப்பிக்கலாம், எதனைத் தொடாமல் விடவேண்டும் என்னும் வினாவை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

கருவியின் தோற்றமும் வளர்ச்சியும்

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் நுண்ணோக்கிகளைச் செய்து புகழ்பெற்றது எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம். அங்குப் பணியாற்றிய ஆஸ்கார் பர்னாக், திரைப்படத்திற்குரிய 35 மி.மீ. படச்சுருளைப் பயன்படுத்தி, 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் உடைய படங்களை எடுக்கும் மூலக்கருவியை 1914ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். போருக்குப் பின்னர், 1923இல், இருபதுக்குச் சற்று மேற்பட்ட சோதனைக் கருவிகள் செய்யப்பட்டன. 1925ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தகாலக் கண்காட்சியில் லைக்கா மக்கள் பார்வைக்கு வந்தது.

தொடக்கக் கருவிகளில் தொலைவைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். அன்றேல் தனியாக ஓர் அளவியைக் கொண்டு அளக்க வேண்டும். 1932இல் வெளிவந்த லைக்கா II இக்குறையைப் போக்கியது. ரேஞ்ச்பைண்டர் எனப்படும் தொலைவுகாட்டி அதில் வில்லையோடு இணைக்கப்பட்டிருந்தது. இரு சாளரங்களின் வழியே வரும் இரு பிம்பங்களும் ஒன்றன்மீது ஒன்று பொருந்தும்போது வில்லை சரியான தொலைவுக்கு அமைந்துவிடும். 1933இல் வந்த லைக்கா III ஒரு நொடி வரையிலான மெதுவான வேகங்களையும் பெற்றிருந்தது. 1954இல் வந்த எம்3, காட்சிச் சாளரத்தையும் தொலைவுகாட்டியையும் ஒன்றாக்கியது.

தேய்மானத்தின் இயல்பு

இக்கருவிகளின் பழுதுகள் அனைத்தும் ஒரே தன்மையின அல்ல. முதல் வகை, கருவியின் இயக்கத்தைப் பாதிப்பவை. ஷட்டர் என்பது ரப்பர் பூசிய இரு துணித்திரைகளால் ஆனது. முதல் திரைக்கும் இரண்டாம் திரைக்கும் இடையிலுள்ள பிளவே படச்சுருளின்மீது ஒளிபடும் நேரத்தை வரையறுக்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்லத் துணி விறைத்து, நுண்துளைகள் தோன்றுகின்றன. மூடியிடாத வில்லை கதிரவனை நோக்கியிருப்பின், குவிந்த ஒளி திரையைச் சுட்டுத் துளையிடுவதும் உண்டு. பசைபோல் இறுகிய பழைய எண்ணெய் திரையின் ஓட்டத்தைத் தாமதப்படுத்துகின்றது. தொலைவுகாட்டியினுள் உள்ள பகுதியொளி ஆடியின் மெல்லிய பூச்சு மங்கினால், இரண்டாம் பிம்பம் கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றது. நம் நாட்டைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த சூழலில் வில்லைகளில் பூஞ்சை படர்ந்து கண்ணாடியையே அரிப்பதும் நாம் அறிந்ததே.

இரண்டாம் வகை, புறத்தோற்றத்தைச் சார்ந்தவை. கறுப்பு வண்ணம் உதிர்ந்து பித்தளை வெளிப்படுகின்றது. உடலைப் போர்த்திய வல்கனைட் என்னும் கடின ரப்பர் பெயர்கின்றது. இவை படமெடுப்பதற்குத் தடையாவதில்லை. மாறாக, கருவி எவ்வாறு பயன்பட்டது என்பதை இவை உரைக்கின்றன. விரல்கள் எங்குப் பற்றின, தோலுறை எங்கு உராய்ந்தது, படச்சுருளை மாற்றுவதற்காக அடித்தகடு எத்துணை முறை கழற்றப்பட்டிருக்கக் கூடும் என்பனவற்றை இத்தேய்மானத்திலிருந்தே ஊகிக்க இயலும்.

எது மூல வடிவம்?

‘மூல நிலைக்குக் கொண்டுவருதல்’ என்பதே சீரமைப்பின் நோக்கம் எனப் பலரும் கருதுவர். லைக்காவைப் பொறுத்தவரை இக்கருத்து எளிதில் நிலைபெறாது. பழைய கருவிகளைப் புதிய வகைக்கு மாற்றித்தரும் பணியை லைட்ஸ் நிறுவனமே மேற்கொண்டது. 1920களில் செய்யப்பட்ட கருவி தொழிற்சாலைக்கே திரும்பிச் சென்று, தொலைவுகாட்டியும் மெதுவான வேகங்களும் பெற்று, பழைய வரிசை எண்ணோடு மீண்டு வந்தது. அவ்வாறாயின் அதன் மூல வடிவம் எது? முதலில் விற்கப்பட்ட வடிவமா, உரிமையாளர் விரும்பிப் பெற்ற வடிவமா? மாற்றத்தை அழித்து முதல் வடிவத்தை மீட்க முயல்வது, அக்கருவியின் வாழ்வில் ஒரு பகுதியை நீக்குவதாகவே அமையும் என்பது எம் கருத்து.

போலிகள் தரும் பாடம்

உக்ரைனின் கார்க்கிவ் நகரில், ஆதரவற்ற இளைஞர்களுக்கான தொழிற்குடியிருப்பில், லைக்கா II கருவியைப் பின்பற்றி 1934 முதல் ஃபெட் என்னும் கருவிகள் செய்யப்பட்டன. போருக்குப் பின் ரஷ்யாவின் கிராஸ்னோகோர்ஸ்க் நகரிலிருந்து சோர்க்கி வெளிவந்தது. பிற்காலத்தில் இவற்றுட் பல, பெயர் சுரண்டப்பட்டு, பளபளப்பாக மெருகிடப்பட்டு, ‘லைக்கா’ என்று பொறிக்கப்பட்டு விற்கப்பட்டன. வில்லையைக் கழற்றி உள்ளே நோக்கினால் உண்மை தெரியும். லைக்காவில் வில்லையைத் தொடும் தொலைவுகாட்டியின் நெம்புகோல் நுனியில் வட்ட உருளை இருக்கும். சோவியத் கருவிகளிலோ உருளையற்ற தட்டையான நுனி காணப்படும். சோவியத் தொழில் வரலாற்றின் அரிய சான்றாக விளங்கியிருக்க வேண்டிய பொருள், ‘புதுப்பித்தல்’ என்னும் பெயரால் தன் அடையாளத்தை இழந்தது. ஏமாற்றப்பட்டவர் வாங்கியவர் மட்டுமல்லர், வரலாறும் ஏமாற்றப்பட்டது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. பர்னாக் தாமே பயன்படுத்திய, அவர் பெயர் பொறிக்கப்பட்ட 105ஆம் எண்ணுடைய சோதனைக் கருவி, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெட்ஸ்லாரில் 14.4 மில்லியன் யூரோவுக்கு ஏலம்போனது. அதன் கறுப்பு வண்ணம் தேய்ந்தே இருந்தது. அத்தேய்மானத்தை யாரும் குறையாகக் கருதவில்லை.

முடிவுரை

இயங்காத கருவி தன் பயனை இழந்தது என்பாரின் கூற்றிலும் உண்மையுண்டு. நாள்தோறும் படமெடுக்க விரும்புவோர்க்குப் புதிய திரையும் புதிய எண்ணெயும் இன்றியமையாதவை. ஆயினும் பழைய துணித்திரையும் ஒரு சான்றே என்பதால், மாற்றிய உறுப்புகளை எறியாமல் உறையிலிட்டுக் கருவியோடு பேணுதல் வேண்டும். எது, எப்போது மாற்றப்பட்டது என்பதை எழுதிவைத்தல் வேண்டும். வண்ணத்தையும் பொறிப்புகளையும் வரிசை எண்ணையும் தொடாதிருத்தல் நலம். வரலாற்றுத் தொடர்பு உறுதியான அரிய கருவிகளை இயக்க முயலாமல் உள்ளவாறே காப்பதே தகும். நம் குடும்பங்களிலும் நூலகங்களிலும் பழைய கருவிகள் கவனிப்பாரின்றிக் கிடத்தல் கூடும். அவற்றைத் துலக்குவதற்கு முன்னர் ஒருமுறை படித்துப் பார்ப்பது ஆய்வாளர் கடனாகும்.