பெயருக்குக் காத்திருந்த புயல்

2024 நவம்பர் 28, வியாழன் மாலை. மஃக்ரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: இது புயலாகுமா, ஆகாதா?

கேள்வியில் நியாயம் இருந்தது. வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் 27ஆம் தேதிக்குள் புயலாகிவிடும் என்றுதான் இந்திய வானிலை ஆய்வுத் துறை முதலில் அறிவித்திருந்தது. அதுவோ இலங்கைக் கரையோரம் ஊர்ந்தபடியே நாளைக் கடத்தியது. பிறகு, புயலாக வலுப்பெறாமல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று கணிப்பு மாறியது. மறுநாள் வெள்ளிக்கிழமை பிற்பகல் அது புயலாகிவிட்டது. ஃபெஞ்சல் என்ற பெயர் சவூதி அரேபியா வழங்கியது. வளைகுடா அரபியரின் பேச்சில் ஃபின்ஜால் என்றால் காப்பிக் கோப்பை என்று சொன்னபோது மாணவர்கள் சிரித்தார்கள். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்த வியாழனன்று விடுதி மாணவர்களை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். புயல் இல்லையென்று அறிவித்துவிட்டார்கள், வெறும் மழைதானே என்பது என் வாதம். எங்கள் மஹல்லாவில் வானிலையை விடாமல் கவனித்துவரும் இளைஞர் ஒருவர் உண்டு. மொட்டை மாடியில் மழைமானி வைத்திருக்கிறார். காரைக்கால், சென்னை ரேடார் படங்களையும், ஐரோப்பிய, அமெரிக்கக் கணினி மாதிரிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அவர் மட்டும் மறுத்தார். “ஹஜ்ரத், பெயர் வருமா என்பதில்தான் சந்தேகம். தண்ணீர் வருவதில் சந்தேகமே இல்லை” என்றார்.

அவர் சொல்லை ஏற்கச் சிலர் தயங்கினார்கள். ஒன்றரை மாதத்துக்கு முன், அக்டோபர் 16 அன்று சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்திவைத்தார்கள். அஞ்சிய பெருமழை பெய்யவில்லை. அப்போது இவரும் பெருமழை என்றே சொல்லியிருந்தார், கேலிக்கும் ஆளானார். “நான் சொன்னது தவறிவிட்டது” என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதை நான் மறக்கவில்லை. பிழையை மறைக்காதவரின் சொல்லுக்குச் செவிகொடுக்கலாம் என்று தோன்றியது. அதைவிட வலுவான காரணமும் ஒன்று இருந்தது. நவம்பர் 26 அன்று, கிழக்கிலங்கையின் நிந்தவூரிலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பிய மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் காரைதீவு அருகே வெள்ளத்தில் கவிழ்ந்து, பிள்ளைகள் மாண்டுபோனார்கள். அந்த மழையைக் கொட்டியது இதே அமைப்புதான். அன்று அதற்குப் பெயர்கூட இல்லை. மாணவர்களை நிறுத்திக்கொண்டோம்.

தமிழகத்தில் முன்னறிவிப்பு பிழைத்த கதைகள் இரு வகை. சொன்னது வராமல் போவது ஒன்று. 2020 டிசம்பரில் புரெவி, மன்னார் வளைகுடாவிலேயே நின்று வலுவிழந்தது. அதிலும் சிதம்பரம் பக்கம் வெள்ளக்காடானது என்பது வேறு செய்தி. சொல்லாதது வந்துவிடுவது மற்றொன்று. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையை முடக்கிய மழை அவ்வகை. ஃபெஞ்சல் இரண்டுக்கும் நடுவே நின்றது. இடம் பெரிதும் தவறவில்லை: காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரியை ஒட்டி என்றார்கள், 30ஆம் தேதி இரவு அவ்வாறே கடந்தது. ஆனால் கடந்த பிறகு நகரவில்லை. புயலை இழுத்துச் செல்லும் மேல்நிலைக் காற்று வலுவிழந்திருந்ததால், மறுநாள் பகல் முழுதும் ஏறத்தாழ அதே இடத்தில் நின்று கொட்டியது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. எங்களுக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்குப் பதிவானது.

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட எங்கள் பிரம்மதேசம் பகுதியில் மக்கள் காற்றுக்குத்தான் ஆயத்தமாகியிருந்தார்கள். 2011இல் தானே, 2020இல் நிவர் என்று நினைவில் இருந்தவை காற்றின் கதைகள். ஓடுகள் மீது மணல் மூட்டை வைத்தோம், முருங்கைக் கிளைகளை வெட்டினோம். நெல் மூட்டைகளைத் தரையிலேயே விட்டுவிட்டோம்! டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தை வெள்ளம் நெருங்கியதால் ரயில்கள் நின்றன. தென்பெண்ணை பெருகி, அரசூரில் தேசிய நெடுஞ்சாலையே மூழ்கியது.

மழையைக் கணிப்பது மறைவானவற்றில் கைவைப்பது ஆகாதா என்று மாணவர் ஒருவர் அந்நாட்களில் கேட்டார். இது பழைய கேள்வி. அறியாமைக் காலத்து அரபிகள் இன்ன நட்சத்திரத்தால் மழை பெய்தது என்பார்கள். ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்த பின், ஃபஜ்ர் தொழுகை முடிந்து, மழையை அல்லாஹ்வின் அருள் என்றவரையும் நட்சத்திரத்தின் கொடை என்றவரையும் நபி (ஸல்) அவர்கள் வேறுபடுத்திக் காட்டினார்கள். ஆயினும் வானத்தைக் கவனிப்பதை முஸ்லிம்கள் விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 276இல் மறைந்த இப்னு குதைபா, நட்சத்திரங்களையும் பருவங்களையும் மழைகளையும் குறித்து அரபிகள் அறிந்திருந்தவற்றைக் கிதாபுல் அன்வா என்ற தனி நூலாகவே தொகுத்தார். மான்சூன் என்ற சொல்லும் மவ்ஸிம் என்ற அரபுச் சொல்லின் வழிவந்ததே. கப்பலோட்டியவர்களுக்குக் காற்றின் காலம் தெரியாமல் பிழைப்பு ஏது? காரணங்களை ஆராய்வது வேறு, காரணங்களை ஆளுபவனாகத் தன்னை எண்ணிக்கொள்வது வேறு என்று அவருக்கு விடை சொன்னேன்.

இந்தத் துறையே பேரிழப்புகளிலிருந்து பிறந்தது. 1864இல் கல்கத்தாவைப் புயல் சிதைத்தது. பிறகு பருவமழைகளும் பொய்த்தன. அதன் பின்னரே, 1875இல், இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. செயற்கைக்கோளும் ரேடாரும் வந்து புயலின் பாதையை ஓரளவு திருத்தமாகச் சொல்ல முடிகிறது. எவ்வளவு வலுப்பெறும், எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்பவை இன்னும் வழுக்குகின்றன. பிரதீப் ஜான் போன்ற தன்னார்வ வானிலை ஆர்வலர்களுக்குத் தமிழகத்தில் இத்தனை வாசகர்கள் இருப்பதற்கு, அவர்கள் இந்த ஊசலாட்டத்தையே தமிழில் விளக்கிச் சொல்வது ஒரு காரணம் என்பது என் எண்ணம். அறிக்கைகளின் மொழி அதை ஒற்றை வரியில் அடக்கிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இளைஞர் இடுப்பளவு நீரில் நடந்து மதரஸாவுக்கு வந்தார். காற்று இதைவிட அதிகம் வீசும் என்று கணித்தது தவறு என்றார். மழைமானி இரவே நிரம்பி வழிந்துவிட்டதால் அளவு எழுத முடியவில்லை என்றும் வருந்தினார். மாணவர்கள் மாடியில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்து வகுப்பறையில் பாய்கள் மிதந்துகொண்டிருந்தன.