கல்லில் பொறித்த கூலி

உரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 301ஆம் ஆண்டின் இறுதியில் பிறப்பித்த விலை ஆணை, சரக்குகளுக்கு உச்சவரம்பு விதித்த சட்டமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆயினும் கோதுமை, இறைச்சி, துணி ஆகியவற்றோடு நாவிதர், தையற்காரர், எழுத்தர், ஆசிரியர் முதலியோரின் கூலியையும் அது வரிசைப்படுத்தியிருப்பதால், பண்டைய உலகின் சிறு தொழிலாளர் தம் உழைப்பை எதைக் கொண்டு அளந்தனர் என்பதற்கு அதற்கு இணையான சான்று மிக அரிது. கல்லில் பொறித்து ஊர்ப் பொதுவிடங்களில் நிறுத்தப்பட்ட அந்த ஆணையின் சிதைந்த பகுதிகள், பேரரசின் கிழக்கு மாநிலங்களிலேயே மிகுதியாகக் கிடைத்துள்ளன.

உழவுத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 25 டெனாரியஸும் தச்சருக்கு 50 டெனாரியஸும், வேலை கொடுப்பவர் அளிக்கும் உணவுக்கு மேலாக, விதிக்கப்பட்டன; டெனாரியஸ் என்பது முற்காலத்தில் வெள்ளி நாணயமாயிருந்து, இக்காலத்தில் கணக்கிடும் அலகாக மட்டும் எஞ்சியிருந்தது. நாவிதருக்கோ நாட்கூலி இல்லை. ஆளொன்றுக்கு 2 டெனாரியஸ், அதாவது இரண்டு முட்டையின் விலை. எழுத்தர் நூறு வரிக்கு இவ்வளவு என்று பெற்றார். அதிலும் முதல்தர எழுத்துக்கு 25, இரண்டாம் தரத்துக்கு 20 எனத் தரம் கூலியோடு சேர்த்தே கூறப்பட்டது. முக்காடிட்ட மேலங்கியை வெட்டித் தைத்து முடிக்கும் தையற்காரருக்கு, அங்கி முதல்தரமாயின் 60, அடுத்த தரமாயின் 40; ஆடைகளின் விலை ஆணையின் வேறொரு பகுதியில் தனியே குறிக்கப்பட்டுள்ளது. கணக்கு கற்பிப்பவர் மாணவர் ஒருவருக்கு மாதம் 75 டெனாரியஸ் வாங்கலாம். வழக்குரைஞர் வழக்கைத் தொடுக்க 250, வாதாட 1000 எனப் பணியின் படிநிலைக்கேற்பப் பெறலாம். இத்தனை வகை அலகுகளை அரண்மனை அலுவலர் புதிதாகப் புனைந்திருக்க இயலாது. தொழில்களில் முன்பே வழங்கிய முறைகளுக்கே அவர்கள் எண்ணிக்கை விதித்தனர் என்று கொள்வதே பொருத்தம்.

ஆணையின் பெருங்குறை, அந்தியோக்கியா போன்ற மாநகருக்கும் தொலைதூரச் சிற்றூருக்கும் ஒரே தொகையை விதித்ததில் இருந்தது. மீறுவோருக்கு மரண தண்டனை என்று அச்சுறுத்தியும், சரக்கு சந்தையிலிருந்து மறைந்து விலை மேலும் ஏறியது என அக்காலக் கிறித்தவ எழுத்தாளரான லாக்டான்ஷியஸ் எழுதுகிறார். கிறித்தவர்களைத் துன்புறுத்திய அரசரை வெறுத்தவர் அவர் என்பதால் அக்கூற்றை எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டுமாயினும், ஆணை நிலைக்கவில்லை என்பதில் ஐயமில்லை.

இவ்விலையேற்றத்தின் சுமை எல்லாத் தொழிலாளர் மீதும் ஒரே அளவில் விழுந்திருக்க முடியாது என்பதைக் கூலிப் பட்டியலே உணர்த்துகிறது. உணவோடு நாட்கூலி பெற்றவரின் அன்றாடச் சோற்றுச் செலவு வேலை கொடுத்தவரைச் சார்ந்தது. தலைக்கு 2 டெனாரியஸுக்குமேல் கேட்க இயலாத நாவிதரோ, முட்டையின் விலை வரம்பை மீறி ஏறிய நாளில் அவ்வேற்றம் முழுவதையும் தம் கைப்பணத்திலிருந்தே ஈடுகட்ட வேண்டியிருந்தது.