சப்பாணி கட்டி இருக்கத் தெரிந்த கால்

முதலில் அது மூன்று துண்டு. கணுக்காலுக்கு ஒரு மரக்கட்டை, குதிக்கு ஒரு பஞ்சு றப்பர்க் கட்டை, முன்பாதத்துக்கு இன்னொன்று. மூன்றையும் டயர் செய்யப் பயன்படும் நூல் பதித்த றப்பரால் வரிந்து, மேலே தோல் நிற றப்பரைப் போர்த்தி, பாத வடிவ அச்சுக்குள் வைத்துப் பூட்டிச் சூடேற்றுவார்கள். அச்சைத் திறந்தால் ஐந்து விரலோடு ஒரு பாதம் வெளியே வரும். தண்ணீர் படலாம், சேறு படலாம். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வளையும். யாழ்ப்பாணத்தில் ஆயிரக்கணக்கானோரை மீண்டும் எழுந்து நடக்க வைத்த ஜெய்ப்பூர் கால் இதுதான்.

பிறந்த இடம் ராஜஸ்தானின் ஜெய்ப்பூர், ஆண்டு 1968. சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்திக்கு ஒரு குறை இருந்தது. வெளிநாட்டு முறையில் செய்த நல்ல கால்களைப் பொருத்தி அனுப்பினால், போனவர்கள் கொஞ்ச நாளில் ஊன்றுகோலோடு வந்து நின்றார்கள். கால் வீட்டு மூலையில் கிடந்தது. ஏனென்று அவர் அவர்களிடமே கேட்டார். அந்தக் கால் நாற்காலியில் இருப்பவர்களுக்காகச் செய்தது. அதற்குச் சப்பாத்து வேண்டும். சப்பாத்தோடு வயலில் இறங்க முடியாது, கோயிலுக்குள்ளும் அடுப்படிக்குள்ளும் போக முடியாது. கணுக்கால் மடியாததால் மலசலகூடத்தில் குந்த முடியாது, பந்தியில் நிலத்தில் இருக்க முடியாது.

விடையைக் கையால் செய்து காட்டியவர் ராம் சந்திர சர்மா. நாலாம் வகுப்போடு படிப்பு நின்ற கைவினைஞர், அந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் சொல்லிக் கொடுத்தவர். சைக்கிளில் போகும்போது காற்றுப் போய், டயர்க் கடையில் லொறி டயருக்குப் புது றப்பர் போடுவதைப் பார்த்து நின்றபோதுதான் அவருக்கு யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. சைக்கிளும் றப்பரும் சேர்ந்த கதை என்பதாலோ என்னவோ, அது எனக்கு ஏதோ எங்கள் ஊரிலேயே நடந்ததுபோல இருக்கிறது. பாதத்தைச் சூடேற்றி இறுக்கிக் கொடுத்த டயர்க் கடைக்காரர், அது எதற்காக என்று தெரிந்ததும் கூலி வாங்க மறுத்துவிட்டாராம். இந்தக் காலின் சரித்திரத்தில் முதல் நன்கொடையாளர் அவர்தான் என்று நான் எண்ணுகிறேன்.

கால் பிறந்துவிட்டதே ஒழிய நடக்கத் தொடங்கவில்லை. முதல் ஏழு ஆண்டுகளில் அதைப் பெற்றவர்கள் 59 பேர் என்பது கணக்கு. 1969இல் விபத்தில் சிக்கிக் காலை இழக்கும் நிலை வரை போய் மீண்ட அரச அதிகாரி டி. ஆர். மேத்தா, 1975இல் ஒரு தர்ம நிறுவனம் தொடங்கினார். மகாவீரர் நிர்வாணம் அடைந்த 2500ஆம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட காலம் அது. சமணர்கள் போற்றும் மகாவீரரின் பெயரிலேயே அது ‘பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி’ என்று அமைந்தது. வருகிறவரிடம் காசு கேட்பதில்லை. தூர ஊரிலிருந்து வந்தவரை நாட்கணக்கில் அலைய விடுவதில்லை. கால் அப்போதுதான் ஓடத் தொடங்கியது.

பெறுபவரின் வாழ்க்கைக்குப் பொருந்தும் உதவி என்றதும் ரொறன்ரோவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் யாழ்ப்பாணச் சனம் அங்கே போய்ச் சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடி வந்த யூதர்கள் அந்த நகரில் ஏழைகளாய் இருந்தார்கள். அவர்களின் முதியவர்கள் மற்றவர்களின் இல்லங்களில் சேர்ந்தால் தங்கள் விதிப்படி சமைத்த சாப்பாடு இல்லை, இத்திஷ் மொழியில் பேச ஆளில்லை. ‘எஸ்றாஸ் நோஷெம்’ (பெண்களின் உதவி என்று பொருள்) என்ற சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சில்லறை சேர்த்து, 1918இல் செசில் தெருவில் ஒரு முதியோர் இல்லம் திறந்தார்கள். இன்றைய பேகிரெஸ்ட் நிலையம் அதிலிருந்து வளர்ந்தது. அதே பெண்களின் முயற்சியில் 1923இல் யோர்க்வில்லில் ஒரு சிறு மருத்துவமனை தொடங்கியது. அது பிற்காலத்தில் மவுண்ட் சைனாய் மருத்துவமனை ஆயிற்று. சோறும் கட்டிலும் ஊரில் வேறெங்கும் கிடைத்திருக்கும். தான் தின்னும் விதத்தில் சோறும், தன் பேச்சு விளங்கும் இடத்தில் கட்டிலும் வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெண்கள் கதவு கதவாகத் தட்டினார்கள். சேத்தியின் நோயாளிகள் மூலையில் போட்ட காலும் இதே கணக்குத்தான்.

இலங்கைக்கு இந்தக் கால் 1985இல் வந்தது. 1831இல் தொடங்கிய கொழும்பு நண்பர் உதவிச் சங்கம் அதைச் செய்து கொடுக்க ஆரம்பித்தது. இரண்டு ஆண்டில், 1987இல், யாழ்ப்பாணத்திலேயே ஜெய்ப்பூர் நிலையம் உருவானது. அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை எங்கள் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மே மாதம் வடமராட்சியில் சண்டை, ஒக்ரோபரில் யாழ்ப்பாண நகரத்தில் சண்டை. ஷெல்லுக்கும் மிதிவெடிக்கும் நடுவே, கால் செய்ய ஒரு பட்டறை.

மிதிவெடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் கொல்வதற்காகச் செய்யப்பட்டதல்ல, காலை எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்ரிக் டப்பா. புதைத்தவன் போன பிறகும் அது விழித்திருக்கும். இடம்பெயர்ந்தவர் ஊர் திரும்பி வேலி கட்டவும் விறகு பொறுக்கவும் மாடு அவிழ்க்கவும் போகும்போது அது அங்கேயே இருக்கும். குடாநாட்டின் வாசலில் உள்ள முகமாலையில், சண்டை நின்று பல ஆண்டுகள் கழிந்தும், மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி மிதிவெடி எடுத்தார்கள். அந்த வேலையில் பெண்கள் பலர், போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மிதிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பொருளாதாரத் தடை. குடாநாடு முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. விறகும் நோயாளியும் பிணமும் கூட அதில்தான் போயின. சைக்கிள் மிதிக்க முடியாதவர் வீட்டுக்குள் அடைபட்டவர். ஜெய்ப்பூர் காலின் பாதம் வளைவதால் மிதிகட்டையில் பதியும். பந்திப் பாயில் சப்பாணி கட்டி இருக்கலாம், நல்லூர்க் கோயில் வீதி மணலில் வெறுங்காலோடு நடக்கலாம், தோட்டத்தில் பாத்திக்குத் தண்ணீர் மாறலாம். சப்பாணி என்றால் நடக்க முடியாதவன் என்றும் பொருள், சப்பாணி கட்டுதல் என்றால் காலை மடித்துச் சம்மணமிட்டு இருத்தல் என்றும் பொருள். முதல் சொல்லால் பிறர் அழைத்த ஒருவர் இரண்டாவதைச் செய்ய முடிந்ததுதான் இந்தக் காலின் முழு வெற்றி.

இது குறையில்லாத பொருள் அல்ல. பாரம் கூடியது. கையால் செய்வதால் ஒன்றைப்போல் இன்னொன்று வராது என்று பொறியியலாளர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. பாதத்துக்கு மேலே வரும் குழாயை முன்பு அலுமினியத் தகட்டை அடித்து வளைத்துச் செய்தார்கள். பிறகு சர்வதேச செஞ்சிலுவைக் குழு கைகொடுத்தபோது பொலிபுறொப்பிலீன் பிளாஸ்ரிக் வந்தது. ஆனால் அளவெடுக்கும் விதம் பழையதுதான். எஞ்சிய காலில் பரிஸ் சாந்துத் துணியைச் சுற்றிக் காய விடுவார்கள், கழற்றினால் அந்த ஆளுக்கு மட்டுமே உரிய அச்சு கிடைக்கும். பக்கத்தில் இரண்டு சமாந்தரக் கம்பிகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வளர்ந்த மனிதர் தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். கம்பியை விட்டுக் கையைத் தூக்கும் அந்த நொடியில் அங்கே யாரும் பேச மாட்டார்கள்.

எழுந்து நின்றவர் அடுத்து எங்கே போவார்? யாழ்ப்பாண நிலையம் கால் கொடுப்பதோடு நிற்காமல் சுயதொழிலுக்குக் கடனும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் கொடுக்கப் போனது இதனால்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படியாக வகுத்தார். பெறுபவர் பிறகு யாரிடமும் கையேந்தாதபடி கடனோ தொழிலோ கொடுப்பதே அவற்றில் உச்சப் படி. நியூயோர்க்கில் 1892இல் யூதக் குடியேறிகள் 95 டொலரோடு தொடங்கிய ஒரு கடன் சங்கம் அதைப் பின்பற்றி வட்டி வாங்காமல் கொடுத்தது, இன்றும் கொடுக்கிறது. புலம்பெயர்ந்த எங்கள் ஊர்ச் சங்கங்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் மண்டபமும் கோபுரமும் நிறைய எழும்பிவிட்டன. ஒரு பங்காவது தையல் இயந்திரமாகவும் கோழிக்கூடாகவும் மாற வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது நிலையத்துக்கு வருபவர்களில் நீரிழிவால் கால் இழந்தவர்கள் உண்டு, வீதி விபத்தில் இழந்தவர்களும் உண்டு. பழையவர்களும் வருகிறார்கள். வெறுங்காலோடு வேலை செய்பவரின் றப்பர்ப் பாதம் இரண்டு மூன்று ஆண்டில் தேய்ந்துவிடும். விரல் நுனி பிய்ந்து, வலிகாமத்துச் செம்மண் உள்ளே ஏறி, கட்டை தெரியத் தொடங்கும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கால் மாற்ற வேண்டும், பெரியவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒன்று. பத்து வயதில் மிதிவெடியில் கால் இழந்த பிள்ளைக்கு ஆயுளில் 25 கால்கள் தேவைப்படும் என்று செஞ்சிலுவைக் குழு கணக்கிட்டது. 1995இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று நாற்பதுக்கு மேல். இன்னும் பல கால்கள் அவருக்குச் செய்ய வேண்டியிருக்கிறது.