துலா ராசி நாணயம்

2019 ஜூன் மாதத்தில் பேஸ்புக் கம்பெனியார் உலகம் முழுவதற்குமாக ‘லிப்ரா’ என்றொரு டிஜிட்டல் நாணயத்தை அறிவித்தார்கள். லிப்ரா, ரோமர்களின் பழைய நிறை அளவு. நம் ஜோசியர்களுக்குத் துலா ராசி. அதற்கு ஈடாக பாங்கு டெபாசிட்டும் சர்க்கார் கடன் பத்திரங்களும் இருக்குமாம். அவற்றுக்கு வட்டி உண்டு. ஆனால் காசை வைத்திருப்பவனுக்கு அதில் ஒரு சல்லியும் கிடையாது; செலவு போக மிச்சமெல்லாம் பணம் போட்ட பங்காளிகளுக்கே! எனக்கு உறுத்திய இடம் இதுதான். நாணயத்தின் லாபம் அரசனுடையது என்பதல்லவா பழைய வழக்கு?

அதுகூடப் போகட்டும். விலைவாசி நாளுக்கு நாள் ஏறும் ஓர் ஏழை நாட்டில் ஜனங்கள் சொந்தப் பணத்தை உதறிவிட்டு இதற்குத் தாவினால், அந்நாட்டு மத்திய பாங்கு வட்டியைக் கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன?

சர்க்கார்கள் விழித்துக்கொண்டன. விஸாவும் மாஸ்டர்கார்டும் அக்டோபரிலேயே நழுவின. 2020-ல் ‘டியெம்’ என்று பெயரை மாற்றிப் பார்த்தார்கள். 2022 ஜனவரியில், ஒரு காசுகூடப் புழக்கத்துக்கு வராமலே, சொத்துக்கள் சில்வர்கேட் பாங்குக்கு விலைபோயின. மறு வருஷம் அந்தப் பாங்கும் கடையைக் கட்டியது.